17 ஆண்டு உழைப்பின் விலை என்ன?

சிப்பாயாகச் சேர்ந்து அதிகாரியாக உயர்ந்த அமெரிக்கப் படைவீரர் காயம்பட்டு வெளியேறும்போது, அவருடைய பதவியைச் சட்டம் காப்பாற்றுகிறது. அவர் சேவை செய்த ஆண்டுகளுக்கான பணத்தைக் காப்பாற்றுவதில்லை.

இரண்டு கேப்டன்களை நினைத்துக்கொள்ளுங்கள். இருவரும் அமெரிக்கத் தரைப்படையில் கடைநிலைச் சிப்பாயாகச் சேர்ந்தவர்கள். 10 ஆண்டு உழைத்து, சார்ஜென்ட் ஆகி, பயிற்சிப் பள்ளிக்குப் போய் அதிகாரியானவர்கள். இருவருக்கும் ஒரே மாதிரிக் காயம், ஒரே அளவு பாதிப்பு. இனி படையில் வேலை செய்ய முடியாது என்று மருத்துவக் குழு இருவரையும் வீட்டுக்கு அனுப்புகிறது. ஒருவர் 20 ஆண்டுகளை முடித்திருக்கிறார். இன்னொருவர் 17-ல் நிற்கிறார்.

மூன்று ஆண்டு குறைந்தால் ஓய்வூதியமும் கொஞ்சம் குறைவது நியாயம்தானே என்று தோன்றும். ஆனால் கணக்கு அப்படிப் போவதில்லை. கடைசி மூன்று ஆண்டுகளில் இருவருடைய சராசரி அடிப்படைச் சம்பளமும் மாதம் 8,000 டாலர் என்று வைத்துக்கொள்வோம். 2025-ஆம் ஆண்டின் இழப்பீட்டு விகிதப்படி 20 ஆண்டு முடித்தவருக்கு மாதம் 7,831 டாலர் கிடைக்கும். 17 ஆண்டுக்காரருக்கு 4,800 டாலர். மாதத்துக்கு 3,031 டாலர், ஆண்டுக்கு 36,000 டாலருக்கும் மேல் இடைவெளி. அவர்கள் உயிரோடு இருக்கும்வரை இந்த இடைவெளி தொடரும்.

இந்த இருவரும் கற்பனை மனிதர்கள். அவர்களை இப்படிப் பிரிக்கும் விதிகள் கற்பனையல்ல. அந்த விதிகளை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தால் ஓர் அடிப்படைக் கேள்வி எழுகிறது: ஒரு மனிதர் உழைத்த ஆண்டுகளுக்கான ஊதியமும், அவர் இழந்த உடல்நலத்துக்கான ஈடும் ஒன்றா? ஒன்றைக் கொடுத்தால் மற்றதைக் கழித்துக்கொள்ளலாமா?

அடியிலிருந்து ஏறியவர்கள்

அமெரிக்கப் படைகளில் சிப்பாயாகத் தொடங்கி அதிகாரியானவரை 'மஸ்டாங்' என்று அழைக்கிறார்கள். அவர்களில் உலகம் அறிந்த பெயர் ஆடி மர்ஃபி. இரண்டாம் உலகப் போரில் சாதாரணக் காலாட்படை வீரராகச் சேர்ந்தவர், 1944-ல் போர்க்களத்திலேயே இரண்டாம் லெப்டினன்ட் ஆனார். 1945 ஜனவரியில் பிரான்சின் ஹோல்ட்ஸ்விர் கிராமத்தருகே காட்டிய வீரத்துக்காக நாட்டின் உயரிய 'மெடல் ஆஃப் ஹானர்' பதக்கம் பெற்றார்.

இன்று இந்த ஏற்றத்துக்கு முறையான படிகள் இருக்கின்றன. தரைப்படையில் அதிகாரிப் பயிற்சிப் பள்ளி, சிப்பாய்களைக் கல்லூரிக்கு அனுப்பி அதிகாரியாக்கும் 'கிரீன் டு கோல்டு' திட்டம். கடற்படையில் 'சீமன் டு அட்மிரல்' திட்டம், தொழில்நுட்ப அனுபவத்துக்காகவே அதிகாரிப் பதவி தரும் தனிப்பிரிவு. படைகள் இவர்களை விரும்புவதற்குக் காரணம் உண்டு. இருபத்திரண்டு வயதில் கல்லூரியிலிருந்து நேராக வரும் லெப்டினன்டுக்குத் தெரியாதது இவர்களுக்குத் தெரியும். காவல் பணியில் தூங்காமல் நின்றவர்கள், பழுதான வண்டிக்கு அடியில் படுத்தவர்கள், உத்தரவு போட்டால் கீழே என்ன நடக்கும் என்று அனுபவித்தவர்கள்.

சம்பளச் சட்டமும் அதை மதிக்கிறது. சிப்பாயாகவோ வாரன்ட் அதிகாரியாகவோ நான்கு ஆண்டுகளுக்கு மேல் முழுநேரப் பணி செய்துவிட்டு அதிகாரியானவருக்குத் தனிச் சம்பள வரிசை உண்டு. இரண்டாம் லெப்டினன்ட், முதல் லெப்டினன்ட், கேப்டன் ஆகிய முதல் மூன்று படிகளின் குறியீட்டோடு 'இ' என்ற எழுத்து சேரும்: ஓ-1இ, ஓ-2இ, ஓ-3இ. சாதாரண இரண்டாம் லெப்டினன்டின் சம்பள உயர்வு மூன்று ஆண்டு சேவையோடு நின்றுவிடும். சிப்பாய் அனுபவம் உள்ளவருக்கு அது 14 ஆண்டுவரை ஏறிக்கொண்டே போகும். சாதாரண கேப்டனுக்கு 14 ஆண்டில் உச்சம். ஓ-3இ கேப்டனுக்கு 18-ல். சிப்பாயாக வாங்கிய சம்பளத்தைவிடக் குறைவாக அதிகாரிச் சம்பளம் அமைந்துவிடக் கூடாது என்பதற்கும் சட்டத்தில் பாதுகாப்பு உண்டு. மேஜர் பதவிக்கு வந்ததும் அந்த எழுத்து உதிர்ந்துவிடும். ஆனாலும் சிப்பாயாக இருந்த ஆண்டுகள் மொத்தச் சேவைக் கணக்கில் நீடிக்கும்.

பணியில் இருக்கும்வரை, கீழிருந்து வந்த ஒவ்வோர் ஆண்டுக்கும் மதிப்பு உண்டு என்று அரசு ஒப்புக்கொள்கிறது. உடல் உடைந்த பிறகுதான் அந்த மதிப்பு ஆட்டம் காண்கிறது.

30 என்ற கோடு

காயமோ நோயோ தீராது என்று தெரிந்ததும் வீரரின் கோப்பு முதலில் மருத்துவ மதிப்பீட்டுக் குழுவுக்குப் போகும். அங்கிருந்து உடல்தகுதிக் குழுவுக்கு. அவருடைய பதவியும் பொறுப்பும் கேட்கும் வேலையை அவரால் செய்ய முடியுமா என்பதை அந்தக் குழு தீர்மானிக்கும். 'முடியாது' என்றால், பாதிப்புக்குச் சதவீதம் போடப்படும்.

இங்கே இரண்டு அளவுகோல்கள் இருக்கின்றன. முன்னாள் படைவீரர் நலத்துறை அவருடைய சேவையோடு தொடர்புள்ள எல்லாப் பாதிப்புகளையும் சேர்த்து மதிப்பிடும். படைத்துறையோ, அவரைப் பணிக்குத் தகுதியற்றவராக்கிய பாதிப்புகளை மட்டும் எடுத்துக்கொள்ளும். முதுகெலும்புக் காயத்தால் வெளியேற்றப்படுபவருக்குக் காதிரைச்சல், தூக்கக் கோளாறு, முழங்கால் தேய்மானம் எல்லாம் இருக்கலாம். நலத்துறை அத்தனையையும் கணக்கிட்டு 80 சொல்லும். படைத்துறை முதுகை மட்டும் பார்த்து 40 சொல்லும். ஒரே உடலுக்கு இரண்டு எண்கள். இரண்டுமே சட்டப்படி சரி.

படைத்துறை போடும் எண்ணில்தான் குடும்பத்தின் எதிர்காலம் தொங்குகிறது. 20 ஆண்டு முடிக்காதவருக்கு அது 30-க்குக் கீழே போனால் ஓய்வூதியம் கிடையாது. ஓர் ஆண்டுச் சேவைக்கு இரண்டு மாத அடிப்படைச் சம்பளம் என்ற கணக்கில், அதிகபட்சம் 19 ஆண்டுகளுக்கு, ஒரு தொகையைக் கையில் கொடுத்து அனுப்பிவிடுவார்கள். காயம் போர்ப் பகுதியிலோ போர் தொடர்பான நடவடிக்கையிலோ ஏற்பட்டதல்ல என்றால், அந்தத் தொகையையும் நலத்துறை பின்னால் தரும் மாத இழப்பீட்டிலிருந்து பிடித்துக்கொள்ளும்.

30 அல்லது அதற்கு மேல் வந்தால் அவர் மருத்துவ ஓய்வு பெற்றவர். மாத ஓய்வூதியம், தனக்கும் குடும்பத்துக்கும் 'ட்ரைகேர்' மருத்துவக் காப்பீடு, ஓய்வுபெற்ற வீரருக்கான அடையாள அட்டை எல்லாம் கிடைக்கும். மருத்துவச் செலவு குடும்பங்களைச் சாய்த்துவிடும் நாட்டில், 20 சதவீதத்துக்கும் 30 சதவீதத்துக்கும் நடுவே இருக்கும் கோடு எவ்வளவு பெரியது என்று சொல்ல வேண்டியதில்லை. காயம் இன்னும் நிலைப்படவில்லை என்றால் தற்காலிக ஓய்வுப் பட்டியலில் வைப்பார்கள். அந்தக் காலத்தில் குறைந்தது 50 சதவீதக் கணக்கில் பணம் வரும். முன்பு அந்தப் பட்டியலில் ஐந்து ஆண்டுவரை இருக்கலாம். 2017 முதல் மூன்று ஆண்டுதான்.

ஓய்வூதியத்தைக் கணக்கிட இரண்டு வழிகள். ஒன்று, சராசரிச் சம்பளத்தை இயலாமைச் சதவீதத்தால் பெருக்குவது. இதற்கு உச்சவரம்பு 75 சதவீதம். மற்றது, சேவை செய்த ஒவ்வோர் ஆண்டுக்கும் இரண்டரை சதவீதம். எது கூடுதலோ அது கிடைக்கும். நம் 17 ஆண்டு கேப்டனுக்குப் படைத்துறை போட்ட எண் 60 என்று கொள்வோம். முதல் வழியில் 4,800 டாலர். இரண்டாம் வழியில் 42.5 சதவீதம், அதாவது 3,400 டாலர். அவருக்கு 4,800 உறுதியாகிறது.

இந்த 3,400-ஐ நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அவர் உழைத்த 17 ஆண்டுகளுக்குச் சட்டமே போட்ட விலை அது.

பதவி பிழைத்துக்கொள்கிறது

அடியிலிருந்து ஏறியவர்களுக்கு மருத்துவ ஓய்வுச் சட்டம் செய்யும் நன்மை ஒன்று உண்டு. அதை மறைக்காமல் சொல்ல வேண்டும்.

சாதாரணமாக, 20 ஆண்டு முடித்துத் தானாக விருப்ப ஓய்வு கேட்கும் ஒருவர் அதிகாரியாக ஓய்வு பெற வேண்டுமானால், அவற்றில் குறைந்தது 10 ஆண்டு அதிகாரியாகப் பணி செய்திருக்க வேண்டும். சில காலங்களில் இதை எட்டாகக் குறைக்கச் சட்டம் இடம் தந்திருக்கிறது. 14 ஆண்டு சிப்பாயாக இருந்து, ஆறு ஆண்டு அதிகாரியாக இருந்தவர் 20-ல் வெளியேற நினைத்தால், கேப்டன் என்ற பதவியைக் கழற்றிவைத்துவிட்டுப் பழைய சார்ஜென்ட் நிலையில்தான் போக முடியும். ஓய்வூதியத்துக்கான மூன்று ஆண்டுச் சராசரியையும் அவர் சிப்பாயாக இருந்த மாதங்களின் சம்பளத்தை வைத்துத்தான் போடுவார்கள். பணியும் ஓய்வும் சேர்ந்து 30 ஆண்டு ஆன பிறகு, அவர் வகித்த உயர்பதவிக்கு ஏற்றம் கிடைக்க வழி உண்டு. அதுவரை காத்திருக்க வேண்டும். 14, 15 ஆண்டுச் சேவையில் இருக்கும் சார்ஜென்டுகள் அதிகாரிப் பதவியை ஏற்கலாமா வேண்டாமா என்று மனைவி மக்களோடு உட்கார்ந்து கணக்குப் போடுவது இதனால்தான்.

மருத்துவ ஓய்வில் இந்த 10 ஆண்டு நிபந்தனை இல்லை. அமெரிக்கச் சட்டத் தொகுப்பின் பத்தாம் தலைப்பில் 1372-ஆம் பிரிவு, காயத்தால் வெளியேறுபவர் அந்த நாளில் என்ன பதவியில் இருந்தாரோ அந்தப் பதவியிலேயே ஓய்வு பெறலாம் என்கிறது. அதற்கு முன் அதைவிட உயர்ந்த பதவியை நல்லமுறையில் வகித்திருந்தால் அதிலே பெறலாம். பதவி உயர்வு கிடைக்கவேண்டிய நேரத்தில் காயம் குறுக்கே வந்தது என்றால் அந்த உயர்பதவியிலும் பெற வழி உண்டு. அதிகாரியாகி ஒரே ஆண்டில் காயப்பட்டவரும் அதிகாரியாகவே வீடு திரும்புவார்.

ஆனால் பதவி ஒரு நாளில் மாறிவிடும். சராசரி மாற மூன்று ஆண்டு ஆகும். 1980 செப்டம்பர் 8 முதல் படையில் சேர்ந்தவர்களுக்கு, மிக அதிகமாக வாங்கிய 36 மாதச் சம்பளத்தின் சராசரிதான் அடிப்படை. அதிகாரியாகி 12 மாதத்தில் காயப்பட்டால், அந்தச் சராசரியில் மீதி 24 மாதம் சார்ஜென்ட் சம்பளமாக இருக்கும். ஓய்வு அட்டையில் லெப்டினன்ட் என்று இருக்கும். வங்கிக்கு வரும் தொகையில் லெப்டினன்ட் மூன்றில் ஒரு பங்குதான். 'இ' வரிசைச் சம்பளத்தில் 36 மாதம் முழுமையாக இருந்தவருக்கே அந்த ஏற்றத்தின் பலன் ஓய்வூதியத்திலும் முழுதாகப் படியும்.

இவ்வளவு நுணுக்கமாக அவருடைய பதவியைக் காக்கும் சட்டம், அடுத்த படியில் அவருடைய உழைப்பைக் கைவிடுகிறது.

1891-ல் போட்ட முடிச்சு

நலத்துறை தரும் இழப்பீட்டுக்குப் பதவி கிடையாது. 100 சதவீத இயலாமை என்றால், ஜெனரலுக்கும் கடைநிலைச் சிப்பாய்க்கும் ஒரே தொகை. 2025-ல் துணையோ பிள்ளைகளோ இல்லாத ஒருவருக்கு அது மாதம் 3,831 டாலர். காயத்துக்குத் தரும் ஈடு என்பதால் இதற்கு வரியும் இல்லை. உடல் எல்லோருக்கும் ஒன்றுதான் என்ற அந்தச் சமத்துவம் மதிக்கத்தக்கது.

படைத்துறையின் ஓய்வூதியம் வேறு வகை. பதவி, சம்பளம், சேவை ஆண்டுகள் ஆகியவற்றின்மேல் நிற்பது அது. இயல்பில் வேறான இந்த இரண்டையும் ஒருவர் ஒருசேரப் பெறக் கூடாது என்ற தடை 1891-ஆம் ஆண்டிலேயே அமெரிக்கச் சட்டத்தில் ஏறிவிட்டது. நலத்துறை ஒரு டாலர் கொடுத்தால் படைத்துறையின் ஓய்வூதியத்தில் ஒரு டாலர் கழியும். இடது பையிலிருந்து எடுத்து வலது பையில் போடுவதுதான் இது.

17 ஆண்டு கேப்டனுக்கு வருவோம். ஓய்வூதியம் 4,800. நலத்துறை அவருக்கு 100 சதவீதம் என்று முடிவுசெய்து 3,831 தருகிறது. உடனே ஓய்வூதியம் 969-ஆகச் சுருங்குகிறது. இரண்டையும் கூட்டினால் மறுபடியும் அதே 4,800. அவருக்குக் கிடைத்த ஒரே ஆதாயம், கைமாறிய பகுதிக்கு வரி இல்லை என்பது. காயம் போரில் பட்டதாக இருந்தால் அந்த ஓய்வூதியத்துக்கே ஏற்கெனவே வரி கிடையாது. அப்போது அந்த ஆதாயமும் இல்லை. குறைந்த சம்பளத்தில் இருந்த கார்ப்பொரல் ஒருவருக்கோ நிலைமை இன்னும் கொடுமை. அவருடைய ஓய்வூதியம் நலத்துறைத் தொகையைவிடக் குறைவாக இருந்தால் படைத்துறையிலிருந்து ஒரு காசும் வராது.

நூறு ஆண்டுக்கும் மேல் நீடித்த இந்தத் தடையை அமெரிக்க நாடாளுமன்றம் 2000-களின் தொடக்கத்தில் தளர்த்தத் தொடங்கியது. 20 ஆண்டு சேவை முடித்து, நலத்துறையின் கணக்கில் 50 சதவீதமோ அதற்கு மேலோ இயலாமை உள்ளவர்கள் இரண்டையும் பெறலாம் என்று 2004 முதல் படிப்படியாக நடைமுறைக்கு வந்து, 2014-ல் அது முழுமையானது. மருத்துவ ஓய்வு பெற்றவர் 20 ஆண்டு முடித்திருந்தால், சேவை ஆண்டுகளுக்கான பகுதியை யாரும் தொட முடியாது. அதற்கு மேல் உள்ள பகுதியில் மட்டுமே கழிவு.

10 ஆண்டு சிப்பாயாகவும் 10 ஆண்டு அதிகாரியாகவும் இருந்த நம் 20 ஆண்டு கேப்டனுக்கு இதனால் கிடைப்பதைப் பாருங்கள். அவருக்கும் ஓய்வூதியம் 4,800. அதில் 20 ஆண்டுக்கான பகுதி 4,000. கழிவு 800-ஓடு நின்றுவிடும். 4,000-ஓடு நலத்துறையின் 3,831 முழுதாகச் சேர்ந்து 7,831 ஆகிறது. 17 ஆண்டுக்காரருக்கு இதே முறையைப் பயன்படுத்தியிருந்தால் 3,400-ஓடு 3,831 சேர்ந்து 7,231 வந்திருக்கும். மூன்று ஆண்டு குறைவாக உழைத்ததற்கு 600 டாலர் குறைவு. அது நியாயமான வித்தியாசம். இப்போது இருப்பதோ 3,031.

அடியிலிருந்து ஏறியவர்களுக்கு இங்கே இன்னொரு சிக்கலும் காத்திருக்கிறது. 20 ஆண்டைத் தாண்டி, அதிகாரியாக 10 ஆண்டு நிறைவதற்குள் காயத்தால் வெளியேறியவரை எடுத்துக்கொள்ளுங்கள். 1372-ஆம் பிரிவு அவரைக் கேப்டனாகவே ஓய்வுபெற வைக்கிறது. ஆனால் இரண்டு தொகைகளையும் சேர்த்துத் தரும் விதி, மருத்துவ ஓய்வு இல்லாமல் வேறு சட்டப்படி ஓய்வு பெற்றிருந்தால் அவருக்கு எவ்வளவு கிடைத்திருக்கும் என்பதைத்தான் அளவாக வைத்திருக்கிறது. அப்படி ஓய்வு பெற்றிருந்தால் அவர் சார்ஜென்டாகத்தான் போயிருப்பார். ஆக, சட்டத்தின் சொற்படி, ஓய்வூதியத்தைக் கேப்டன் சம்பளத்தில் போட்டுவிட்டு, கழிவிலிருந்து காப்பாற்றும் பகுதியைச் சார்ஜென்ட் சம்பளத்தில் அளக்க இடம் இருக்கிறது. முன்வாசலில் கொடுத்த பதவியைப் பின்வாசலில் பறிக்க வழி வைத்த விதி இது.

போர்க்காயத்துக்கு ஒரு சிறிய வாசல்

20 ஆண்டு முடிக்காதவர்களுக்கு முற்றிலும் கதவு அடைபட்டுவிடவில்லை. 'போர் தொடர்பான சிறப்பு இழப்பீடு' என்று ஒன்று இருக்கிறது. 2008 முதல், 20 ஆண்டுக்குள் மருத்துவ ஓய்வு பெற்றவர்களும் அதற்கு விண்ணப்பிக்கலாம். கழித்த தொகையின் ஒரு பகுதி இதன்மூலம் திரும்பிவரும்.

ஆனால் அது தானாக வராது. தனியாக மனுப் போட வேண்டும். ஒவ்வொரு பாதிப்பும் போரோடு, போர்ப் பயிற்சியோடு அல்லது போர்க் கருவியோடு எப்படித் தொடர்புடையது என்று காகிதத்தில் காட்ட வேண்டும். தொடர்பு நிறுவப்பட்ட பாதிப்புகளுக்கு மட்டுமே பணம். 17 ஆண்டு கேப்டனின் 100 சதவீதத்தில் 40 சதவீதம்தான் போரோடு தொடர்புள்ளது என்று தீர்மானித்தால், அவருக்கு மாதம் 774 டாலர் கூடும். மொத்தம் 5,574. 7,831 என்ற எண்ணுக்கு அது வெகு தூரம்.

மனுப் போடத் தாமதமானால் என்ன ஆகும் என்பதற்கு சைமன் சோட்டோவின் வழக்கு சாட்சி. அவர் அதிகாரி அல்ல. கடற்படைக் காலாட்படையில் கார்ப்பொரல். இராக்கில் இறந்த வீரர்களின் உடல்களைத் தேடி எடுத்து, ஒழுங்குசெய்து அனுப்பும் பிரிவில் வேலை செய்தவர். அந்த வேலை தந்த மனக்காயத்தால் 2006-ல் மருத்துவ ஓய்வு பெற்றார். 2016-ல் சிறப்பு இழப்பீட்டுக்கு விண்ணப்பித்தார். தகுதி உண்டு என்று ஒப்புக்கொண்ட கடற்படை, பழைய பாக்கியை ஆறு ஆண்டுகளுக்கு மட்டுமே கொடுக்க முடியும் என்றது. அரசின்மீதான பணக் கோரிக்கைகளுக்கு ஆறு ஆண்டு வரம்பு வைக்கும் பொதுச் சட்டத்தைக் காரணமாகக் காட்டியது. தன்னைப் போன்ற ஆயிரக்கணக்கானோருக்கும் சேர்த்து அவர் வழக்காடினார். 2025 ஜூன் 12 அன்று அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகளும் ஒருமித்து அவர் பக்கம் நின்றார்கள். நீதிபதி கிளாரன்ஸ் தாமஸ் எழுதிய தீர்ப்பு, சிறப்பு இழப்பீட்டுச் சட்டம் தனக்கென்றே தீர்வுமுறை கொண்டது, அதற்கு அந்த ஆறு ஆண்டு வரம்பு பொருந்தாது என்றது.

அந்தத் தீர்ப்பு பாக்கியைத் திறந்துவிட்டது. அடித்தளத்தில் இருக்கும் 20 ஆண்டுச் சுவரை அது தொடவில்லை. தொட நீதிமன்றத்துக்கு அதிகாரமும் இல்லை. அதை நாடாளுமன்றம்தான் இடிக்க வேண்டும்.

அதற்கான மசோதா ஒரு மனிதரின் பெயரைத் தாங்கி நிற்கிறது. மேஜர் ரிச்சர்ட் ஸ்டார், தரைப்படையின் ரிசர்வ் பிரிவு அதிகாரி. இராக்கிலும் ஆப்கானிஸ்தானிலும் பணியாற்றியவர். குப்பைகளை எரித்த குழிகளின் நச்சுப் புகையோடு தொடர்புபடுத்தப்பட்ட நுரையீரல் புற்றுநோய் அவரை மருத்துவ ஓய்வில் தள்ளியது. 20 ஆண்டு முழுநேரச் சேவை என்ற கோட்டை அவரால் எட்ட முடியவில்லை. 2021-ல் அவர் இறந்தார். போரால் பாதிக்கப்பட்டு 20 ஆண்டுக்கு முன்பே வெளியேற நேர்ந்தவர்களுக்கு, உழைத்த ஆண்டுகளுக்கான ஓய்வூதியத்தையும் நலத்துறை இழப்பீட்டையும் சேர்த்தே கொடு என்கிறது 'மேஜர் ரிச்சர்ட் ஸ்டார்' மசோதா. 50,000-க்கும் மேற்பட்டோருக்கு இது பயன் தரும் என்கிறார்கள் ஆதரவாளர்கள். இரண்டு கட்சிகளிலும் பெரும் எண்ணிக்கையில் கையெழுத்துக் கிடைத்தும், அடுத்தடுத்த கூட்டத்தொடர்களில் அது சட்டமாகாமலே திரும்பியது.

மறுப்பவர்கள் சொல்வது

மறுப்பவர்களின் வாதங்களையும் எடைபோட வேண்டும். முதல் வாதம், செலவு. பத்து ஆண்டுகளில் பல நூறு கோடி டாலர் என்பது எந்தக் கருவூலத்துக்கும் சிறிய தொகையல்ல. இரண்டாவது, ஒரே காரணத்துக்கு இரண்டு முறை பணமா என்ற கேள்வி. மருத்துவ ஓய்வூதியமே இயலாமைக்காகத்தானே தரப்படுகிறது, அதன்மேல் நலத்துறை இழப்பீடும் எதற்கு என்கிறார்கள். மூன்றாவது, 20 ஆண்டு என்பது எல்லோருக்கும் பொதுவான வரம்பு; 19 ஆண்டில் தானாக விலகுபவருக்கும் ஓய்வூதியம் இல்லை.

இரண்டாம் வாதத்தில் பாதி உண்மை இருக்கிறது. 4,800-க்கும் 3,400-க்கும் நடுவே உள்ள 1,400 டாலர் இயலாமைக்காகவே தரப்படுவது. அதை நலத்துறைத் தொகையோடு ஈடுகட்டிக்கொள்வதில் தவறில்லை. ஸ்டார் மசோதாவும் அந்த 1,400-ஐக் கேட்கவில்லை. ஆனால் 3,400 என்பது காயத்துக்குத் தந்த பணமல்ல. அவர் சிப்பாயாகச் சேற்றில் நின்ற 10 ஆண்டும் அதிகாரியாகப் பொறுப்பைச் சுமந்த ஏழு ஆண்டும் சேர்ந்தது அது. இரண்டையும் தனித்தனியே பிரித்து எழுதும் சூத்திரம் சட்டத்திலேயே இருக்கிறது. பிரிக்கத் தெரிந்த சட்டம், ஒன்றைக் கொடுக்க மறுப்பது தெரிந்தே செய்யும் அநீதி.

மூன்றாம் வாதம் முற்றிலும் தவறு. 19-ல் தானாக விலகுபவர் தேர்ந்தெடுத்துப் போகிறார். காயப்பட்டவருக்கு அந்தத் தேர்வு இல்லை. இன்னும் மூன்று ஆண்டு இருக்கிறேன் என்று கெஞ்சினாலும், வேண்டாம் போ என்று படைதான் அனுப்புகிறது. அனுப்பியவரே, நீ ஏன் இருக்கவில்லை என்று கேட்பது முறையல்ல. 20 ஆண்டுக்கு முந்தைய சேவைக்கு மதிப்பில்லை என்ற கொள்கையை அமெரிக்காவே கைவிட்டும்விட்டது. 2018 ஜனவரி 1 முதல் நடைமுறையில் உள்ள கலப்பு ஓய்வூதியத் திட்டத்தில், வீரரின் சேமிப்புக் கணக்கில் அரசும் பணம் போடுகிறது. இரண்டு ஆண்டு சேவை முடித்தால் அந்தப் பணம் அவருடையது. நலமாக விலகிப்போகும் இளைஞரின் இரண்டு ஆண்டுக்கு மதிப்பு உண்டு என்றால், உடலைக் கொடுத்துவிட்டுப் போகிறவரின் 17 ஆண்டுக்கு இல்லை என்று எப்படிச் சொல்ல முடியும்?

செலவு பற்றிய வாதத்துக்குப் பதில் சுருக்கமானது. இது புதிதாக வழங்கும் சலுகை அல்ல, கொடுக்கத் தவறிய கடன். போரின் செலவுப் பட்டியலில் குண்டுகளோடும் விமானங்களோடும் இதையும் முதலிலேயே எழுதியிருக்க வேண்டும்.

வெளியேறும் முன் பார்க்க வேண்டியவை

சட்டம் மாறும்வரை, இந்த நிலையில் இருப்பவர்கள் தங்கள் கையில் உள்ளதை விட்டுவிடக் கூடாது. உடல்தகுதிக் குழுவின் முதல் முடிவோடு உடன்பட வேண்டிய கட்டாயம் இல்லை. நேரடி விசாரணை கேட்கலாம். அதற்குப் படையின் வழக்கறிஞர் கட்டணமின்றி வாதாடுவார். 20 சதவீதம் 30 ஆவது குடும்பத்தின் மருத்துவக் காப்பீட்டை முடிவுசெய்யும் என்பதால், இந்தப் படியில் அவசரம் கூடாது. 15 ஆண்டைத் தாண்டியவர்களும் போரில் காயப்பட்டவர்களும், குறைந்த பொறுப்போடு பணியில் தொடர அனுமதி கேட்கத் தரைப்படையில் வழி உண்டு. 20-ஐ எட்ட அது உதவலாம். அனுமதிப்பது படையின் விருப்பம்.

அடியிலிருந்து ஏறியவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். சிப்பாயாக இருந்த காலத்தின் பணிவிடுவிப்புச் சான்றுகளில் ஒவ்வொரு மாதமும் சரியாகப் பதிவாகியிருக்கிறதா, அடிப்படைச் சராசரியில் 'இ' வரிசைச் சம்பளம் எடுத்துக்கொள்ளப்பட்டிருக்கிறதா, ஓய்வு உத்தரவில் அதிகாரிப் பதவி எழுதப்பட்டிருக்கிறதா என்று பார்த்துவிட்டே கையெழுத்திட வேண்டும். போர் தொடர்பான பாதிப்பு என்றால் சிறப்பு இழப்பீட்டு மனுவைத் தள்ளிப்போடக் கூடாது. சம்பவ அறிக்கை, மருத்துவக் குறிப்பு, உடனிருந்தவரின் வாக்குமூலம் எல்லாம் காலம் போகப்போகக் கிடைப்பது அரிதாகும்.

செய்ய வேண்டியது

கடைநிலையில் சேர்ந்த ஒருவரை, திறமை இருந்தால் மேலே வா என்று அழைப்பது ஒரு படையின் பெருமை. அந்த அழைப்பை நம்பி, வசதியான சார்ஜென்ட் பணியை விட்டு, முப்பது வயதுக்கு மேல் மறுபடி மாணவராக உட்கார்ந்து அதிகாரியானவர்கள் இவர்கள். ஏறுவதற்குக் கூடுதல் ஆண்டுகளைக் கொடுத்ததால், காயம் வரும்போது இவர்கள் கையில் நீண்ட சேவை இருக்கிறது. 20-ஐ எட்டாத நீண்ட சேவையைத்தான் இன்றைய சட்டம் செல்லாததாக்குகிறது.

தீர்வுக்குப் புதிய தத்துவம் எதுவும் தேவையில்லை. ஸ்டார் மசோதா நிறைவேற வேண்டும். அதோடு நிற்காமல், காயம் போரில் பட்டதா பயிற்சியில் பட்டதா என்ற பாகுபாடின்றி, மருத்துவ ஓய்வு பெறும் ஒவ்வொருவருக்கும் சேவை ஆண்டுகளுக்கான பகுதியைக் கழிவிலிருந்து விலக்க வேண்டும். அந்தப் பகுதியை அளக்கும்போது, அவர் எந்தப் பதவியில் ஓய்வு பெற்றாரோ அந்தப் பதவியின் சம்பளத்தையே எடுக்க வேண்டும். காயத்துக்கான ஈட்டை நலத்துறை தரட்டும். உழைப்புக்கான ஊதியத்தைப் படைத்துறை தரட்டும். இரண்டும் இரண்டு கடன்கள். ஒன்றைத் தீர்த்ததால் மற்றது தீர்ந்துவிடாது.